பூஜையில் வைத்த சாணைக்கல்

கரமனைப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் பூதலிங்கத்துக்கு வெங்கடகிருஷ்ணய்யரின் பட்டறை ஞாபகம் வரும். இப்போது அது நெல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி. நாற்பத்திரண்டில் அங்கே நிற்க இடம் கிடைக்காது. யுத்தத்தால் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து, பஸ்கள் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு அதன் வாயுவில் மூச்சு வாங்கி ஓடிய காலம். அந்த அடுப்புகளைச் செய்து பொருத்துவதுதான் பட்டறையின் வேலை. பூதலிங்கம் பெயிண்டர். அடுப்பில் வெல்டிங் வைத்த தழும்புகளைத் தேய்த்து வழவழப்பாக்கித் தருகிறவன் யோசுவா. இரண்டு பேருக்கும் நாகர்கோவில் பக்கம், ஒரே வயது, மத்தியானம் பூதலிங்கத்தின் மனைவி கட்டித் தருகிற ஒரே பொதியில் சோறு.

யோசுவாவின் கையில் இருந்தது கரண்டில் ஓடும் கை கிரைண்டர். திருவனந்தபுரத்தில் அப்படி ஒன்றை அதிகம் பேர் கண்டதில்லை. அதன் மூக்கில் ஒரு சாணைக்கல், அப்பளம் அகலம், இரண்டு விரல் கனம். அதை ஓட்டுமுன் அவன் செய்கிற சடங்குகளுக்குக் கணக்கில்லை. வயரை முனையிலிருந்து முனைவரை தடவுவான். வேட்டியை அவிழ்த்து நிக்கர் மாட்டுவான். கண்ணுக்குத் தடிக் கண்ணாடி. கல்லின் மேல்மூடி அசைகிறதா என்று பார்ப்பான். எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்லைக் கழற்றி ஒரு விரலில் மாட்டி, திருப்புளியின் மரப்பிடியால் மெல்லத் தட்டுவான். சந்தையில் பெண்கள் பானை தட்டி வாங்குகிற மாதிரி. கணீரென்றால் நல்ல கல். மொத்தென்றால் உள்ளே கீறல், ஓடும்போது வெடித்து ஆளைத் தீர்த்துவிடும். கல்யாணப் பெண் அலங்காரம் கூட இதைவிடச் சீக்கிரம் முடியும் என்று பூதலிங்கம் கேலி செய்வான். யோசுவா சிரிப்பான், ஆனால் ஒரு நாளும் ஒன்றையும் விட்டதில்லை.

அந்த வருஷம் துர்க்காஷ்டமி சாயங்காலம் ஆயுதங்களைப் பூஜைக்கு வைக்கும் பொறுப்பு பூதலிங்கத்துக்கு வந்தது. யோசுவா வேதக்காரன், கிறிஸ்தவன். பூஜையில் கலந்துகொள்ள மாட்டான், குறையும் சொல்ல மாட்டான். மெஷினைப் பூதலிங்கத்தின் கையில் கொடுத்து, தண்ணீர் காட்டாதே, துணியால் துடைத்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

பூதலிங்கத்துக்கு மனசு ஒப்பவில்லை. சரஸ்வதிக்கு முன்னால் குளிக்காத ஆயுதத்தை வைப்பதாவது. கல்லைக் கழற்றிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தான். வழுக்கியது. துவைகல்லில் ஒரு மோது மோதித் தரையில் உருண்டது. எடுத்துப் பார்த்தால் உடையவில்லை. ஒரு ஓரத்தில் மட்டும் மயிரிழை மாதிரி ஒரு கோடு, கீறலா கல்லின் ரேகையா என்று தெரியவில்லை. பூஜைப் பொருள் கைநழுவினால் அபசகுனம். முதலாளியோ பல்லி சொன்னால் பயணத்தை ஒத்திப்போடுகிறவர். பூதலிங்கம் கல்லை மெஷினில் மாட்டி, கோட்டின்மேல் சந்தனத்தைக் கனமாக அப்பி, குங்குமமும் வைத்துவிட்டான்.

பூஜைக்கு வைத்ததை விஜயதசமி காலை வரை யாரும் தொடக்கூடாது. நவமி முழுவதும் பூதலிங்கம் அந்த மஞ்சள் பொட்டைப் பார்த்துக்கொண்டே திரிந்தான். எப்படியும் யோசுவா தட்டிப் பார்ப்பான், கல்லே காட்டிக் கொடுத்துவிடும், நாம் ஏன் வாயைத் திறக்கவேண்டும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

தசமி காலை முதலாளி குடும்பத்தோடு வந்தார். கற்பூரம் காட்டியானதும் முதலாளியின் மனைவி லலிதாம்பாள் கல்லில் இன்னொரு குங்குமப் பொட்டு வைத்து, மெஷினை யோசுவாவிடம் கொடுத்தாள். சகுனத்துக்கு ஒரு நிமிஷம் ஓட்ட வேண்டும். எல்லாரும் சுற்றி நெருங்கி நின்றார்கள். யோசுவா வயரைத் தடவினான், கண்ணாடியை மாட்டினான். திருப்புளியை எடுத்தவன் அந்தப் பொட்டைப் பார்த்துத் தயங்கினான். கல்லைக் கழற்றினால் சந்தனம் அழியும். வேதக்காரன் பூஜைப் பொட்டை அழித்தான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே. திருப்புளியைத் திரும்ப வைத்துவிட்டு மெஷினைத் தூக்கினான்.

கல்லுக்கு நேராக முதலாளியின் மகள் நின்றாள். கல்லுக்கு மேலே யோசுவாவின் முகம். விரல் சுவிட்சுக்குப் போனது. பூதலிங்கம் பாய்ந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான்.

"ஓடவிடாதே யோசுவா. கல்லு என் கையிலேருந்து கீழ விழுந்துட்டு. நான்தான் சந்தனத்த வச்சு மறைச்சேன்."

யோசுவா கல்லைக் கழற்றி விரலில் மாட்டித் தட்டினான். ஈரப்பானை மாதிரி மொத்தென்றது. இன்னொரு தட்டு. கோட்டோடு பிளந்து பாதி கீழே விழுந்தது. முதலாளி தன் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு பூதலிங்கத்தைப் பார்த்தார். "அன்னிக்கே சொல்லப்படாதோடா?"

அவர் பூதலிங்கத்தை வேலையை விட்டு நிறுத்தவில்லை. யோசுவாதான் விலகிப் போனான். கடையில் தனிச் சோற்றுப் பொதி வாங்கிப்போய் ஆற்றங்கரையில் தின்றான். மூன்றாம் நாள் பூதலிங்கம் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது ஒன்றே ஒன்று கேட்டான்.

"ரெண்டு நாளு எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்பிடிடே சும்மா இருந்தே?"

பூதலிங்கம் அழுதான். யோசுவா தன் பொதியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தான்.

ஆனால் கல் போனது போனதுதான். மெஷினோடு வந்த கல்லில் அதுதான் கடைசி. வேறு கல் கேட்டுப் பம்பாய்க் கம்பெனிக்கு எழுதினால் யுத்தம் முடியட்டும் என்று பதில் வந்தது. யோசுவா அரத்தைப் பிடித்து ராவினான். ஒரு நாள் வேலை ஒரு வாரம் இழுத்தது. தை பிறக்குமுன் பூனாவில் பட்டாளத்துப் பட்டறைக்கு ஆள் எடுத்தார்கள். அவன் எழுதிப் போட்டான், உத்தரவும் வந்துவிட்டது.

தம்பானூர் ஸ்டேஷனுக்குப் பூதலிங்கம் கூடவே போனான். தன்னால்தானே இவன் ஊரை விட்டுப் போகிறான் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதைச் சொல்லவும் செய்தான். யோசுவா ஜன்னல் வழியே கையை நீட்டி அவன் தோளைப் பிடித்தான்.

"ரெண்டு கண்ணும் இருக்குல்லா. எங்க போனாலும் பொழச்சுக்கிடலாம். போயி சோத்தத் தின்னு."

வண்டி நகர்ந்தது. பூதலிங்கம் பட்டறைக்கு வந்து பொதியை அவிழ்த்தான். அவன் மனைவி வழக்கம்போல இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டியிருந்தாள்.