பாதிவிலைக்காரி

"அப்போ முழுப் பணத்தையும் கட்ட உங்களால முடியலையாம்மா?"

வங்கியின் கடன் பிரிவுப் பெண் அதிகாரி இதைக் கேட்டபோது அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பரிதாபப்பட்டுத்தான் கேட்டார். அந்தப் பரிதாபம்தான் தங்கையைக் குத்தியது. பக்கத்து நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

அக்காவும் தங்கையும் பன்னிரண்டு வருடமாக ஒரே வாடகை அறையில் துணி தைத்துப் பிழைக்கிறவர்கள். அக்கா வெட்டுவாள், தங்கை தைப்பாள். நூல், பொத்தான், ஜிப் வாங்கப் போவதும் தங்கைதான். கடைக்காரர் என்ன விலை சொன்னாலும் அவள் பாதியிலிருந்துதான் ஆரம்பிப்பாள்.

"வந்துட்டாய்யா பாதிவிலைக்காரி, கல்லாவைப் பூட்டு!" என்று பொத்தான் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

"எமனே வந்தாலும் இவ பேரம் பேசிப் பாதி உசுரைத் திருப்பி வாங்கிடுவா" என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த அறையை விற்கப்போவதாக அதன் சொந்தக்காரர் வருஷ ஆரம்பத்தில் ஒருநாள் வந்து சொன்னார். "முதல்ல உங்களுக்குத்தான். வருஷக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்றார். இருவர் பெயரிலும் சேர்த்துக் கடன் வாங்கலாம் என்று வங்கியில் சொன்னார்கள். வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறவர்களா என்று காட்டும் கடன் மதிப்பெண்ணை இரண்டு பேருக்கும் எடுத்துப் பார்த்தார்கள். அக்காவுடையது பளிச்சென்று இருந்தது. தங்கையுடையது பாதாளத்தில் கிடந்தது.

ஆறு வருடத்துக்கு முன் பூத்தையல் மெஷின் வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் அவள் கடன் வாங்கியிருந்தாள். மணிக்கட்டு ஒடிந்து கட்டுப்போட்டுக் கிடந்த நான்கு மாதம் தவணை நின்றுபோனது. கை சரியான பிறகும் அவர்களிடம் பேசப் பயம். போன் அடித்தால் துணிக்குவியலுக்குள் செருகி வைத்துவிடுவாள். அடிக்கிற சத்தம் நின்றால் கடனும் நின்றுவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

விஷயம் தெரிந்ததும் அக்கா ஒருநாள் முழுக்கத் திட்டித் தீர்த்தாள். மறுநாள் தன் வைப்புத்தொகையை உடைத்து ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"வட்டியோட எண்பதாயிரம். அப்படியே கொண்டுபோய்க் கட்டிட்டு வா. உன் மார்க்கு ஏறட்டும்டி."

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தங்கை அந்த நிறுவனத்தின் மாடிப்படி ஏறினாள். அவள் பையைத் திறப்பதற்குள் அங்கிருந்த வசூல் மேலாளர், "உங்களால எவ்வளவு முடியும்னு சொல்லுங்க, பேசி முடிச்சிடலாம்" என்றார்.

பன்னிரண்டு வருடப் பழக்கம். வாய் தானாகத் திறந்தது.

"முப்பது."

"முப்பதா? ஏம்மா, இந்த ஃபேனுக்குக் கரண்டு பில் கட்டக்கூடக் காணாது."

"கை ஒடிஞ்சு கெடந்தேன் சார். வேணும்னா எக்ஸ்ரே காட்டறேன்."

முப்பத்தெட்டாயிரத்தில் முடிந்தது. அவர் ஒரு தாள் கொடுத்தார். கணக்கு முடிந்தது என்ற கடைசி வரியை மட்டும் அவள் படித்தாள். இறங்கி வரும்போது கால் தரையில் பாவவில்லை. வாழ்க்கையிலேயே பெரிய பேரத்தை அடித்துவிட்டோம் என்ற பூரிப்பு. மீதிப் பணத்தில் துணியோரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்றைப் பழசாக வாங்கினாள். அதிலும் பேரம்தான்.

"ஏதுடி காசு?" என்றாள் அக்கா.

"சேத்து வெச்சிருந்தேன்."

அக்கா அந்த மெஷினைப் பிறந்த குழந்தையைத் தொடுவதுபோல் தொட்டுப் பார்த்தாள். இத்தனை நாள் ஓரங்களைக் கையால் அடித்தவள் அவள். அறை சொந்தமாகிற அன்றைக்கு உண்மையைச் சொல்லி அவளை அசத்த வேண்டும் என்று தங்கை நினைத்திருந்தாள். "அடி, பாதிவிலைக்காரி!" என்று அக்கா தலையில் குட்டுவதைக்கூட மனசுக்குள் பார்த்துவிட்டாள்.

மதிப்பெண் ஏறட்டும் என்று வங்கியில் கொஞ்சம் பணத்தை வைப்பாகப் போட்டு ஒரு சின்னக் கடன் அட்டை வாங்கிக்கொண்டாள். அதில் மாதாமாதம் நூல் மட்டும் வாங்கி, கெடுவுக்கு ஐந்து நாள் முன்பே கட்டினாள். கட்டிய தேதியை எல்லாம் காலண்டரில் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு வைத்தாள். பதினோரு வட்டம் சேர்ந்ததும் இருவரும் வங்கிக்குப் போனார்கள். அங்கேதான் அந்தக் கேள்வி.

அக்காதான் பதில் சொன்னாள்.

"முடியாம என்ன மேடம், முழுப் பணத்தையும் நான்தானே எண்ணிக் கொடுத்தேன்."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அடடா... அப்படியே கட்டியிருந்தா இந்நேரம் கடன் கிடைச்சிருக்கும்மா. குறைச்சுக் கட்டினா, இவங்க முழுசாத் திருப்பித் தராதவங்கன்னு பதிவாயிடும். அது இருக்கற வரைக்கும் நீங்க மாசாமாசம் ஒழுங்காக் கட்டினதெல்லாம் எடுபடாது. இப்போ மீதியைக் கட்டி, பாக்கி இல்லைன்னு கடிதம் வாங்கலாம். ஆனா பதிவு மாறி மார்க்கு ஏற எட்டு மாசமாவது ஆகும்."

வருஷக் கடைசிக்கு இருபது நாள்தான் இருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அக்கா ஒரே ஒரு தடவை பேசினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லடி." சொல்லிவிட்டு நடையை எட்டிப்போட்டு நான்கு அடி முன்னால் போய்விட்டாள்.

ஓவர்லாக் மெஷினை வாங்க வந்தவர் பாதி விலையிலிருந்து ஆரம்பித்தார். அவள் பேரம் பேசவில்லை. "எடுத்துக்குங்க" என்றாள். போதாததற்குத் தன் கழுத்துச் சங்கிலியையும் விற்று மீதியைக் கட்டினாள். அறையைச் செல்போன் கடைக்காரர் ஒருவர் வாங்கிவிட்டார். அக்காவுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம், எட்டு மணி நேரமும் நின்றபடியே.

அறையைக் காலி செய்கிற காலையில், நிறுவனம் கொடுத்த கடிதத்தைத் தங்கை நீட்டினாள்.

"முழுசாக் கட்டிட்டேன்க்கா. எட்டே மாசம். மார்க்கு ஏறினதும் வேற எடம் பாக்கலாம். நீ வெட்டு, நான் தைக்கறேன். இனிமே யார்கிட்டயும் ஒத்தைக் காசு குறைச்சுக் கேக்க மாட்டேன்."

அக்கா கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள். நான்காக மடித்துத் தங்கையின் கையிலேயே வைத்தாள். ஓவர்லாக் மெஷின் இருந்த இடத்தில், தரையில் நான்கு கால்தடம் தெரிந்தது. அதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு தன் பெரிய கத்தரிக்கோலை ஒரு துண்டுத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கதவைத் தள்ளித் தெருவில் இறங்கித் தொழிற்சாலைப் பக்கம் நடந்தாள்.