நாற்பத்தோராம் பொட்டலம்

சூளகிரிக்குத் தெற்கே அந்த மொட்டைப் பாறையில் மூன்று வருஷமாக ஏறி இறங்கும் பிரியதர்ஷினியை ஊரில் எல்லோருக்கும் தெரியும். கல்பாசி பொறுக்குகிற பொண்ணு என்பார்கள். பெங்களூரில் யாரோ பெரிய பிரியாணிக் கடைக்காரர் அவளைச் சம்பளம் கொடுத்து அனுப்புகிறார் என்றும் ஒரு பேச்சு உண்டு. முதல் வருஷம் அவளும் மறுத்துப் பார்த்தாள். “இது பிரியாணியில போடறது இல்லிங்க, அதுக்குத் தங்கச்சி முறை” என்றாள். அப்படியானால் இதைக் குருமாவில் போடலாமா என்று கேட்டார்கள். அதோடு விட்டுவிட்டாள்.

அவள் தேடி வருவது பாறையோடு பாறையாக அப்பிக்கிடக்கும் சாம்பல் நிறப் பத்தையை. லைக்கன் என்று படித்தவர்கள் சொல்வார்கள். அது ஒற்றை உயிர் கிடையாது, ஒரு கூட்டுக் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டும், பாசி சமைத்துப் போடும், அந்த வீட்டுக்குள் வாடகையும் தராமல் காலியும் பண்ணாமல் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஓசூர் சிப்காட் புகையின் ஓரத்திலிருந்து அஞ்செட்டிக் காடு வரைக்கும் ஐந்து பாறைகளில் ஒரே வகை லைக்கனை எடுத்து, அதற்குள் யார் யார் குடியிருக்கிறார்கள், புகை கூடக் கூட யார் வெளியேறுகிறார்கள் என்று பார்ப்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு.

ஒரே வகை என்ற இடத்தில்தான் வினை வந்தது. அவள் சுரண்டிச் சேர்த்த அறுபத்து நான்கு பொட்டலங்களையும் மரபணுச் சோதனை செய்ததில், முப்பத்தேழு ஒரு மாதிரியும் இருபத்தாறு வேறு மாதிரியும் வந்தன. குடியிருந்த பாக்டீரியாக்களும் ரெண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, நாற்பத்தோராம் பொட்டலத்தில் ரெண்டு மாதிரியும் சேர்ந்தே வந்திருந்தது.

பெங்களூர் ஆய்வகத்தில் அவளுடைய வழிகாட்டி ஆனந்தராஜ் சார் கெட்டவர் அல்ல. ஆனால் அந்த நாற்பத்தொன்றைக் காட்டி அவர் சொன்னது அவளுக்கு இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. “ஒரே பொட்டலத்துல ரெண்டும் வருதுன்னா இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? எங்கியோ கலந்திருக்கு பிரியா. உன் கைதான் சுத்தமா இல்ல. அந்த இருபத்தேழையும் தூக்கிப் போட்டுட்டு புதுசா எடுத்துட்டு வா. ஜூனுக்குள்ள தீசிஸ் குடுத்தாகணும்.”

இரவு பகல் பாராமல் கையுறை மாற்றி மாற்றி வேலை செய்தவளுக்கு இது எப்படி இருக்கும்? மூன்று வருஷத்தில் பாதி குப்பைக்குப் போகிறது. போகட்டும், கை சுத்தமில்லாதவள் என்ற பெயர் கூடவே வருமே, அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? ஊத்தங்கரையில் அப்பா திருமலை, “எப்பம்மா முடியும்?” என்று கேட்பதை நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது. கேட்டபோது எரிச்சலாக இருந்தது, கேட்காதபோது அழுகையாக வந்தது.

அப்படி வெந்துபோன மனத்தோடுதான் மார்ச் மாதம் பாறைக்கு வந்தாள். எப்போதும் துணைக்கு வரும் வேன் டிரைவர் மாதேஷுக்கு அன்றைக்குக் கம்பெனி ட்ரிப். தன் அக்கா ஜோதிமணியை அனுப்பியிருந்தான். நெடுஞ்சாலை ஓரத்துக் கிரானைட் பாலிஷ் கம்பெனி ஒன்றில் வேலை அவளுக்கு, ஞாயிறு லீவு. பிரியாவைவிட ஐந்தாறு வயது மூத்தவள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாறையில் சரசரவென்று ஏறினாள்.

“இன்னா மேடம் எடுக்கணும்?” என்றாள் மேலே போனதும்.

பிரியா ஒரு சாம்பல் பத்தையைக் காட்டினாள். “அஞ்சு பாறையிலயும் சேத்து இதே மாதிரி இருபத்தேழு எடம் வேணும்க்கா. பாத்து வையுங்க, நான் சுரண்டிக்கறேன்.”

ஜோதிமணி குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கம் போய் இன்னொன்றைப் பார்த்தாள். “எல்லாம் காஞ்சு கெடக்குதே, இதுல எப்டி மாதிரி பாக்கறது?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிரியா கையுறை மாட்டிக்கொண்டு திரும்புவதற்குள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து நாலு முழப் பாறைக்கு வாரி இறைத்துவிட்டாள்.

“ஐயோ! என்ன பண்றீங்க?” பிரியா போட்ட சத்தத்தில் கீழே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலை தூக்கின. “தண்ணியே படக்கூடாது! தண்ணி பட்டா உள்ள இருக்கற பாக்டீரியா எல்லாம் முழிச்சிக்கும், கணக்கே மாறிடும். போச்சு, இந்த எடமே போச்சு! அறிவிருக்கா உங்களுக்கு?”

கடைசி வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் அவளுக்கே கேட்டது. கொட்டின பாலை அள்ள முடியுமா? ஜோதிமணியின் முகம் ஒரு கணம் சுண்டிப்போனது. பாட்டிலை மூடிக் கீழே வைத்தாள்.

“தண்ணி ஊத்தக்கூடாதுன்னு எங்கிட்ட யாரு சொன்னாங்கோ? மாதேசுக்குத் தெரியும், எனக்கு எப்டித் தெரியும்?” குரல் உயரவில்லை. “திட்டறது இருந்தா அப்பறம் திட்டுங்க. மொதல்ல இங்க வந்து பாருங்க. நீங்க காட்டுன மாதிரி இதுல பாதிதான் இருக்குது. மீதி வேற ஷேடு.”

பிரியா பார்த்தாள்.

காய்ந்திருந்தபோது ஒரே சாம்பலாகக் கிடந்தது இப்போது ரெண்டாகப் பிரிந்திருந்தது. சில பத்தைகள் வெற்றிலைக் கொழுந்தின் பச்சைக்கு மாறியிருந்தன. பக்கத்திலேயே, ஒட்டிக்கொண்டே, சில பத்தைகள் நீலம் ஓடிய கரும்பச்சையாக நின்றன. கோடு கிழித்த மாதிரி எல்லை தெரிந்தது. அவள் தன் பாட்டிலை எடுத்து இன்னொரு இடத்தில் தானே ஊற்றினாள். அங்கேயும் ரெண்டு. பாறையின் மறுபக்கம் ஓடிப்போய் ஊற்றினாள். அங்கேயும்.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷம்! பாக்டீரியாக் கணக்குக்குக் காய்ந்த லைக்கன்தான் வேண்டும் என்பதால், கோடையில் மட்டுமே அவள் வருவாள். வானம் கொஞ்சம் கறுத்தாலும் வேலை கெட்டது என்று பஸ் ஏறிவிடுவாள். ஆடு மேய்க்கிறவர்கள்கூட வருஷா வருஷம் பார்த்திருக்கும் மழை நனைந்த பாறையை, அதையே படிக்க வந்தவள் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள்.

“அக்கா, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க.”

“அதெல்லாம் சூப்பர்வைசர் டெய்லி பேசறதுதான்” என்றாள் ஜோதிமணி. ஆனாலும் அவள் முகம் தெளிந்தது.

“உங்களுக்கு எப்படித் தோணுச்சு, தண்ணி ஊத்திப் பாக்கணும்னு?”

“எனக்கு வேலையே அதான மேடம். பாலிசுக்கு முன்னாடி கல்லுப் பலகைய நனைச்சுப் பாத்து ஷேடு பிரிக்கறது. ஏ, பி-ன்னு சாக்பீசுல போடுவேன். முன்னல்லாம் காஞ்ச கல்லப் பாத்தே ஓகே போட்டுக்கினு இருந்தாங்க. வெளிநாட்டுக்குப் போன ஒரு கண்டெய்னர் அப்படியே திரும்பி வந்துச்சு. ஒரே ஹாலுக்குப் போட வேண்டிய கல்லுல ரெண்டு ஷேடு. அப்பறந்தான் என்னைய ஷேடுக்குப் போட்டாங்க. காஞ்ச கல்லு பொய் சொல்லும் மேடம். நனைஞ்சா நெசத்தக் கக்கிடும்.”

பாறை மேலேயே நின்று பிரியா சாருக்குப் போன் போட்டு, ஜோதிமணி நனைத்துப் பிரித்துக் காட்டியதைச் சொன்னாள். கலப்படம் இல்லை, ரெண்டு வகை ஒன்றாகவே வளர்கிறது, தெரியாமல் ரெண்டையும் ஒன்றென்று எடுத்திருக்கிறேன் என்றாள். அவர் உடனே நம்பிவிடவில்லை. நனைந்தால் நிறம் மாறுவது ஊரறிந்த விஷயம், கொஞ்சம் நிழல், கொஞ்சம் வயசு, எதனாலும் மாறலாம் என்றார். பிறகு, “சரி, ஒண்ணு செய். ஒவ்வொரு பொட்டலத்துலயும் மிச்சம் இருக்குல்ல? நம்பரை நம்ம லேப் சுவாதி மாத்தி ஒட்டட்டும், எது எதுன்னு உனக்கும் தெரியக்கூடாது. அந்தம்மா கண்ணால பிரிக்கட்டும். மரபணு சொன்னதும் அவங்க சொன்னதும் ஒத்துப் போகுதா பாப்போம். பத்து தப்பு வந்தா, பேசாம இருபத்தேழையும் தூக்கிப் போட்டுடணும்” என்றார்.

நியாயமான பேச்சுதான். நியாயமாக இருந்ததாலேயே பிரியாவால் மறுக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆய்வகத்து ஜூனியர் சுவாதி புது எண் ஒட்டிக் கொடுத்த அறுபத்து நான்கு பொட்டலங்களோடு ஜோதிமணியின் வீட்டு வாசலில் இறங்கினாள். மணி எட்டு. ஜோதிமணி அதற்குள் வாசலில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தாள். நீல நிழலில் பார்த்தால் எல்லாமே நீலந்தான் என்றாள். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால் கண் ஏமாற்றும், அதற்குள் முடிக்க வேண்டும் என்றாள். கம்பெனியில் கேட்டு வாங்கிவந்த உடைந்த வெள்ளை டைல்ஸ் ஒன்றைக் கழுவி வைத்திருந்தாள். அவளுடைய அம்மா கெம்பம்மா எட்டிப் பார்த்து, “இத்தனூண்டு பாசிக்கா பெங்களூருலருந்து பஸ் ஏறி வந்த?” என்று கேட்டுவிட்டு டீ போடப் போனாள்.

நகக்கண் அளவு துண்டை பிரியா டைல்ஸ் மேல் வைப்பாள். ஜோதிமணி விரலால் தண்ணீர் தெளிப்பாள். கொஞ்ச நேரம் விடுவாள். பிறகு பார்ப்பாள், ஒரு தரம், தலையைச் சாய்த்து இன்னொரு தரம்.

“ஏ.”

“ஏ.”

“பி.”

பிரியா நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். பத்தொன்பதாவது துண்டில் ஜோதிமணி நின்றுவிட்டாள். எடுத்தாள், திருப்பினாள், மறுபடி தண்ணீர் தெளித்தாள்.

“ஹோல்டு.”

“ஹோல்டுன்னா?”

“ஏ-வும் போட முடியாது, பி-யும் போட முடியாது. தனியா வையுங்க.”

பிரியா நோட்டில் எழுதாமல் நிறுத்தினாள். கண்ணுக்கே சந்தேகம் என்றால் சார் என்ன சொல்வார்? “அக்கா, உங்களுக்கு எது அதிகமாத் தோணுதோ அதைச் சொல்லிடுங்களேன். ஒண்ணு தப்பினா பரவால்ல.”

“அதுக்கு நான் எதுக்கு?” ஜோதிமணி நிமிர்ந்து பார்த்தாள். “தோணுனதப் போட்டுத்தான் அன்னிக்கு கண்டெய்னர் திரும்பி வந்துச்சு. ஹோல்டுன்னா ஹோல்டுதான். எழுதுங்க.”

பிரியா எழுதினாள். மீதியெல்லாம் ஏ அல்லது பி என்று மளமளவென்று போயின. ஒன்பதரை மணிக்கு அறுபத்து நான்கும் முடிந்தது. எது எத்தனை என்று கூட்டிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. சாருக்கு வீடியோ கால் போட்டாள். ஆய்வகத்தில் அவர் பக்கத்தில் சுவாதி, பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள்.

“புது நம்பர் ஒண்ணு, ஏ” என்று பிரியா படித்தாள்.

“சரி” என்றாள் சுவாதி.

“ரெண்டு, ஏ.”

“சரி.”

“மூணு, பி.”

“சரி.”

இப்படியே போனது. பதினெட்டு வரைக்கும் ஒன்றுகூடத் தவறவில்லை. பத்தொன்பது வந்தபோது பிரியா அதைத் தாண்டி இருபதுக்குப் போய்விட்டாள். முப்பதைத் தாண்டியதும் சார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஐம்பதைத் தாண்டியபோது சுவாதியின் “சரி”யில் ஒரு துள்ளல் வந்திருந்தது. கெம்பம்மா டீ டம்ளர்களோடு வந்தவள், ஏதோ ஏலம் நடக்கிறது என்று நினைத்தவளாக அப்படியே நின்றுவிட்டாள்.

“அறுபத்து நாலு, ஏ.”

“சரி! சார், அறுபத்து மூணும் சரி!”

“அறுபத்து நாலுல்ல இருக்கணும்? மீதி ஒண்ணு?”

பிரியா நோட்டில் விட்டுவைத்த வரிக்குத் திரும்பினாள். “பத்தொம்பது சார். அதை மட்டும் அவங்க பிரிக்கல. ஹோல்டுன்னு சொல்லிட்டாங்க.”

“பழைய நம்பர் என்ன சுவாதி?”

சுவாதி விரல் வைத்துத் தேடினாள். பட்டியலை சாரின் பக்கமாகத் திருப்பினாள்.

“நாப்பத்தொண்ணு, சார்.”

பிரியா டைல்ஸ் ஓரத்தில் தனியாகக் கிடந்த அந்தத் துண்டை லென்ஸில் பார்த்தாள். வெற்றிலைப் பச்சையின் நடுவே, ஒரு கடுகளவு இடத்தில், கரும்பச்சை ஏறி உட்கார்ந்திருந்தது. ரெண்டு குடித்தனம், ஒரே திண்ணை. அவள் கை சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது. மூன்று வருஷமும் சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது. கண்ணீர் நோட்டில் சொட்டியது. அவள் துடைக்கவில்லை.

“பிரியா” என்றார் சார். “நான் அவசரப்பட்டுட்டேன். ஜூன் கெடுவை நான் பேசிக்கறேன். இது ஒரு வகையோட கதை இல்ல, ரெண்டு வகையோட கதை. எது எப்பப் பிரிஞ்சது, புகை எதை மொதல்ல விரட்டுதுன்னு திரும்ப ஆரம்பத்துலருந்து எழுதணும். அந்தம்மாகிட்ட போனைக் குடு.”

ஜோதிமணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள்.

“ஏம்மா, அந்த ஒண்ணை மட்டும் எப்படி ஹோல்டு போட்டீங்க?”

“ரெண்டு ஷேடும் ஒண்ணுல இருந்தா ஹோல்டுதான சார்” என்றாள் ஜோதிமணி. அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “ஏன், உங்க கம்பெனியில அந்த மாதிரி வந்தா இன்னா பண்ணுவீங்கோ?”

சார், இதுவரை பிரியா அவரிடம் கேட்டிராத ஒரு குரலில், “தூக்கிப் போட்டுடுவோம்மா” என்றார்.