எஞ்சின் ஆறட்டும்

வீட்டில் ஏழு பேர். இருந்த காரில் ஐந்து பேர்தான் உட்காரலாம். எங்கே கிளம்பினாலும் இரண்டு பேர் பஸ்ஸில் வர வேண்டும். அதில் ஒருத்தி எப்போதும் அண்ணி. இன்னொருத்தி அவளுடைய நாத்தனார். பஸ் கம்பியில் தொங்கியபடி பேசிப் பேசியே இருவரும் உயிர்த்தோழிகளாகிவிட்டது வேறு கதை.

ஒருவழியாக ஏழு சீட் வண்டி வாங்குவதென்று முடிவானது. புதிது கட்டுப்படியாகாது, பழையதுதான். போய் வண்டி பார்க்க வேண்டிய அண்ணியின் வீட்டுக்காரரோ, அந்த வாரம் பார்த்து மாடிப்படியில் சறுக்கி விழுந்து, காலில் கட்டோடு படுத்துவிட்டார். ஃபோனில் ஒரு கறுப்பு வண்டியின் படத்தைப் பார்த்ததிலிருந்து மனிதர் சொக்கிப் போயிருந்தார்.

"பளபளன்னு இருக்கு. பேசி முடிச்சிட்டு வந்துடு. ரொம்ப நோண்டாதே."

"நோண்டத்தானே போறேன்," என்றாள் அண்ணி. ஒரு மாதமாக அடுப்படியில் ஃபோனைச் சாய்த்து வைத்து, பழைய வண்டி வாங்குவது பற்றிய வீடியோ ஒன்று விடாமல் பார்த்திருந்தாள்.

நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். தகரக் கூரை போட்ட ஆபீசும், முன்னால் நெருக்கியடித்து நிற்கும் வண்டிகளுமாக இருந்தது பழைய வண்டி விற்கும் அந்த இடம். கூலிங்கிளாஸைத் தலையில் ஏற்றியிருந்த வியாபாரி இருவருக்கும் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார் வரலையா மேடம்?"

"நான் வந்திருக்கேன், போதாதா?"

கறுப்பு வண்டி மின்னியது. அண்ணி முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். தோசைக்கல் மாதிரி சுட்டது.

"எங்கயாவது ஓட்டிட்டு வந்தீங்களா?"

"இல்ல மேடம். காலையிலேர்ந்து இங்கயேதான் நிக்குது."

"அப்புறம் ஏன் சுடுது?"

"வெயில் மேடம்."

அண்ணி அண்ணாந்து பார்த்தாள். வானம் விடிந்ததிலிருந்தே மூட்டம் போட்டிருந்தது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோளாறு உள்ள எஞ்சினை ஆள் வருவதற்குமுன் சூடாக்கி வைத்துவிடுவார்கள், ஆறிய பிறகு கிளப்பினால்தான் வண்டவாளம் தெரியும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள்.

"சரி, ஆறட்டும். உட்கார்ந்திருக்கோம்."

"ரொம்ப நேரமாகும் மேடம். வேற பார்ட்டி வேற கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"வந்தா தாராளமா குடுங்க."

இருவரும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கறுப்பு வண்டிக்கு எதிரிலேயே போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்காரர் ஃபோன் போட்டார்.

"முடிஞ்சுதா?"

"ஆறிக்கிட்டு இருக்கு."

"என்ன ஆறுது, காபியா?"

அண்ணி ஃபோனை வைத்துவிட்டாள். வெளியே கெத்தாக உட்கார்ந்திருந்தாலும் உள்ளே ஒரு சந்தேகம். ஒரு கோளாறும் இல்லையென்றால் வீட்டில் காலத்துக்கும் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார்களே!

நடுவில் வியாபாரி சாவியோடு நைசாக வண்டிப் பக்கம் நகர்ந்தார். "ஏசி எப்படியிருக்குன்னு சும்மா போட்டுக் காட்டலாம்னு..."

நாத்தனார் எழுந்து போய்க் கதவில் சாய்ந்து நின்றாள். "எங்களுக்கு வேர்க்கலைண்ணே."

மதியம் தாண்டியது. அண்ணி மறுபடி கை வைத்தாள். ஜில்லென்றிருந்தது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

வண்டி இருமியது, கனைத்தது, நின்றுபோனது. மூன்றாம் முறை ஒரே உறுமலோடு கிளம்பி, பின்னாலிருந்து நீலப் புகையைக் கக்கியது. புகையில் ஆபீசே மறைந்துபோனது. அந்தப் பக்கம் வேறொரு வண்டி பார்த்துக்கொண்டிருந்த தம்பதி இருமிக்கொண்டே ஓடிவந்தார்கள்.

"மேடம், நாங்க பாக்குற வண்டியையும் கொஞ்சம் தொட்டுப் பாக்குறீங்களா?"

அண்ணிக்கு ஓரடி உயர்ந்துவிட்டது போலிருந்தது.

வியாபாரி கூலிங்கிளாஸைக் கழற்றிப் பைக்குள் போட்டார். "பின்னாடி ஒண்ணு நிக்குது மேடம். பாக்க சுமாரா இருக்கும்."

பிஸ்கட் நிறம், மேலெல்லாம் தூசி, ஒரு கதவில் நசுங்கல். ஆனால் பானெட் ஜில்லென்றிருந்தது. அண்ணி குனிந்து அடியில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்த்தாள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியோ என்று, சீட் பெல்ட்டுகளைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கறை தேடினாள். கடைசி வரிசையில் ஏறி உட்கார்ந்து கால் மடக்கிப் பார்த்தாள். சாவியைத் திருப்பியதும் வண்டி சமர்த்தாகக் கிளம்பியது. மறுநாள் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிமுதல் நுனிவரை பார்த்துவிட்டு, "கண்ணை மூடிட்டு எடுங்க," என்றார்.

"ஊறிப்போன பிஸ்கட் மாதிரி இருக்கே," என்று வீட்டுக்காரர் மட்டும் முனகினார்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். முன்னால் மாமனார். நடுவில் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு வீட்டுக்காரர், பக்கத்தில் கடைக்குட்டி. கடைசி வரிசையில் நாத்தனாரும் மற்ற இரண்டு பிள்ளைகளும். ஸ்டியரிங்கில் அண்ணி. ஊருக்கு வெளியே குன்றுப் பாதையில், ஏசி ஓட, ஏழு பேர் பாரத்தோடு வண்டி திணறாமல் ஏறியது. வளைவுக்கு வளைவு பிள்ளைகள் விசிலடித்தார்கள். உச்சிக்குப் போவதற்குள் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார்.

மேலே நிறுத்தியதும் மாமனார் இறங்கவே இல்லை.

"என்ன மாமா, இறங்கலையா?"

"கீழே போய்ட்டு இன்னொரு தடவை ஏறுவோமா?"

அண்ணி சிரித்தபடி வண்டியைத் திருப்பினாள்.