திறந்த பக்கம்

தண்ணீர் கொடுத்த எலி ராஜநடை போட்டுக்கொண்டு பலகையின் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தது. மருந்து கொடுத்த எலியும் அதையேதான் செய்தது. எத்தனை தடவை வீடியோவை ஓட்டினாலும் அதே கூத்துதான். அவளுக்குக் கணினியைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

கூட்டல் குறி வடிவத்தில் ஓர் உயரமான பலகை. இரண்டு பக்கம் சுவர் உண்டு, இரண்டு பக்கம் திறந்த வெளி. பயந்த எலி சுவரோரம் பதுங்கும், பயம் தெளிந்தது வெளியே வரும். பதற்றத்தைக் குறைத்துப் புத்தியையும் துலக்குமா என்று அவள் மூன்று வருடமாகக் கட்டிக்கொண்டு அழும் அந்தச் செயற்கைப் பெப்டைடு என்ற புரதத் துணுக்கு, மூக்கில் விடும் வெறும் சொட்டு மருந்து. பாதி எலிகளுக்கு மருந்து, மீதிக்குத் தண்ணீர். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். இன்று மாலை அவரிடம் முடிவைச் சொல்லியாக வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குப் பயம்.

ஏசி இரைச்சல் தாங்காமல் வீடியோக்களை எப்போதும் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பாள். இன்று சலிப்பில் மேசையைக் குத்தியபோது ஏதோ பொத்தான் அழுந்தி ஒலி வந்துவிட்டது.

“ஒண்ணுமில்லடா கண்ணு. போய்ட்டு வா. நான் இங்கதான நிக்கிறேன்.”

ஆய்வகத்தில் எலிகளைப் பராமரிக்கும் ஊழியர் அண்ணனின் குரல். அடுத்த வீடியோவிலும் அதே கொஞ்சல். அதற்கடுத்ததிலும். அவர் பேச்சிலேயே எல்லா எலிக்கும் பயம் தெளிந்துவிட்டால் மருந்தின் வித்தியாசம் எப்படித் தெரியும்? அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

எலி அறையில் அவர் கூண்டு கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, எலிகிட்ட பேசுனீங்களா?”

“ஆமாம்மா.”

“எந்த எலிகிட்ட?”

“எல்லாத்துகிட்டயும்தான். ஒண்ணுகிட்ட பேசிட்டு இன்னொண்ண விட்டா அது பாவமில்லையா?”

“பரிசோதனை நடக்கும்போது சத்தம் போடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

அவர் முகம் விழுந்துவிட்டது. “நான் எங்கம்மா சத்தம் போட்டேன்? ஒரு நாள்கூட ஒண்ணையும் திட்டினதில்லையே. நீங்க சொன்னதுலருந்து இன்னும் பதமாத்தான் பேசறேன்.”

மூன்று வருட உழைப்பு ‘சத்தம்’ என்ற ஒரே ஒரு சொல்லில் கவிழ்ந்து கிடந்தது. இப்போது வயிறெரியக் கத்தவும் வழியில்லை. கூண்டுகளுக்குள் அத்தனை காதுகள் விறைத்து நின்றன.

“எல்லாத்தையும் மறுபடி முதல்லருந்து செய்யணும்ணே. அதுக்குத் துறைத்தலைவர் விடணும்” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

“நானும் வரேன்மா. தப்பு என்னோடது.”

“வேண்டாம்.”

சொன்னால் கேட்கிற ஆளா அவர்? ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். துறைத்தலைவரின் அறை நீண்ட நடைபாதையின் கடைசியில் இருந்தது. எலிகளோடு கொஞ்சியதால் ஆராய்ச்சி கெட்டது என்று சொன்னால் சிரிப்பாரா, சீறுவாரா? பாதி வழியில்தான் தன் தோள் சுவரில் உரசிக்கொண்டே வருவதைக் கவனித்தாள். கால் நின்றுவிட்டது.

“ஒண்ணுமில்லடா கண்…” என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஒண்ணுமில்லம்மா. போய்ட்டு வாங்க. நான் இங்கதான நிக்கிறேன்.”

சுள்ளென்று ஏதாவது சொல்லத் திரும்பினாள். பயம் தெளிந்திருந்தது. அது வேறு அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எப்போது சுவரைவிட்டு விலகினாளோ, அகலமான அந்த நடைபாதையின் நட்டநடுவில், திறந்திருந்த கதவைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.