முடி கொட்டுற மாசம்

கார்த்திகை பொறந்துட்டா என் வீட்டுக்காரரு தங்கப்பாண்டியனுக்குக் கொண்டாட்டம். ஊர்ப் பொம்பளைக தலையெல்லாம் கொட்ட ஆரம்பிக்கும்ல, அதான். மலையிலருந்து வாடைக்காத்து எறங்கும், குளிருக்குப் பயந்து ஆளாளுக்குச் சுடுதண்ணியத் தலையில ஊத்துவாக, சீப்பு பூராம் முடியாக் கெடக்கும். அந்த நேரம் பாத்து அவரு மூலிகை எண்ணெ பாட்டில வேன்ல ஏத்திக்கிட்டு மைக்கப் புடிச்சாருன்னா, தேனி, சின்னமனூரு, கம்பம்னு ஒரு சந்தை பாக்கியிருக்காது. மாசி வந்தா கொட்டுறது தானா நிக்கும். "எல்லாம் அண்ணன் எண்ணெயோட மகிமை"ன்னு இன்னும் ரெண்டு பாட்டில் வாங்கிட்டுப் போவாக. காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைதேன்.

அந்த எண்ணெக்கு விளம்பரம் யாருங்கிறீக? நாந்தேன், பஞ்சம்மாள். பதினாறு வருசமா ஒரு இரும்பு ஸ்டூல்ல சனங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். முடி முழங்காலத் தொடும். அது எங்காத்தா வழியில வந்தது. அந்தப் பச்சை எண்ணெய ஒருநாளும் நான் தலையில வச்சதில்ல, வெறும் தேங்காயெண்ணெதான். வாரவளுக ஒவ்வொருத்தியும் சவுரியா நெசமான்னு இழுத்துப் பாப்பாளுக. வலிச்சாலும் பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். வீட்டுக்கு வந்தா அந்த மனுசன் சாப்பிட்டியான்னு கேக்க மாட்டாரு, தலைய அலசினியான்னு கேப்பாரு.

ரெண்டாயிரத்து அஞ்சு கார்த்திகையில எனக்கே கொட்ட ஆரம்பிச்சுச்சு. கொத்துக் கொத்தா வந்துச்சு. ஆஸ்பத்திரியில நர்சு ஞானபாக்கியம் அக்காகிட்டக் காட்டினேன்.

"ஒனக்கு ஒடம்புல ரத்தமில்ல. இந்தக் குளிருக்குக் கொஞ்சம் கொட்டுறது எல்லாருக்கும் உள்ளதுதான். சுடுதண்ணிய விடு, ஈரத்தலையோட சடை போடாத, முருங்கக்கீரையும் முட்டையும் தின்னு. மாசியில பொடிமுடி கெளம்பிரும், பொறுத்துக்க"ன்னாக.

நான் பொறுத்துக்குவேன். யாவாரம் பொறுக்குமா?

"மாசி வரைக்கும் ஒன் தலையப் பாத்துக்கிட்டுக் கையக் கட்டி உக்காரவா?"ன்னு எகிறினாரு அந்த மனுசன். ரெண்டு நாள் யோசிச்சாரு. மூணாம் நாள் சொன்னாரு, "கயலு உக்காரட்டும்."

கயல் எங்களுக்கு ஒத்தப் புள்ள. பத்தாவது படிச்சுக்கிட்டிருந்தா. பங்குனியில கவர்மெண்டு பரீட்சை. கணக்குல பள்ளிக்கூடத்துலயே மொத ஆளு. முடியில மட்டும் என்னையக் கொண்டு பொறந்துட்டா, அதுதேன் அவ செஞ்ச பாவம்.

"படிக்கிற புள்ளைங்க. இந்தப் பரீட்சைய மட்டும் எழுதிக்கிறட்டும்"னு கெஞ்சினேன்.

"படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா? திங்கக்கெழமையிலருந்து பள்ளிக்கூடம் வேணாம்."

எதுத்துப் பேசினேன், கன்னத்துல விழுந்துச்சு. நாள் பூராம் யோசிச்சேன். சாமி காரியம்னா மட்டும் அந்த மனுசன் வாய் தொறக்க மாட்டாரு. ஞாயித்துக்கெழமை விடியவும் கயலக் கூட்டிக்கிட்டு வீரபாண்டி மாரியம்மன் கோயிலுக்குப் பஸ் ஏறிட்டேன். ஆத்தங்கரையில உக்கார வச்சு உள்ளதச் சொன்னேன்.

"மொட்டை போட்டா அப்பா என்னைய உக்கார வைக்க மாட்டாராம்மா?"

"மொட்டத் தலைய வச்சு எவன்டி எண்ணெ விப்பான்?"

சடைய எடுத்து முன்னால போட்டுக்கிட்டா. "பரீட்சை எழுதிரலாம்ல?"ன்னா.

"எழுதலாம் ஆத்தா."

தலையக் குனிஞ்சா. அம்புட்டு முடியும் விழுந்தப்பக்கூட அவ அழல, நாந்தேன் அழுதேன். சந்தனத்தத் தடவி வீட்டுக்குக் கூட்டியாந்தேன். "சின்னதுல அம்மை போட்டப்ப நேந்தது, ஆத்தா கனவுல வந்து கேட்டுருச்சு"ன்னு வாய் கூசாமப் பொய் சொன்னேன். என்னைய என்ன வேணா செஞ்சுக்க தாயே, எம்புள்ளைய விட்ருன்னு உள்ளுக்குள்ள கும்பிட்டுக்கிட்டேன்.

அந்த மனுசன் கத்தல. கன்னத்துல போட்டுக்கிட்டாரு. பெறகு ஆடு வாங்க வந்தவரு மாதிரி கயலச் சுத்திச் சுத்தி வந்தாரு. தலையத் தடவிப் பாத்தாரு.

"அடியே பஞ்சு, இத்தன வருசமா எனக்கு இந்தப் புத்தி வரலையே!"ன்னாரு.

சாயங்காலமே போட்டோ புடிக்க ஆள் வந்துட்டாக.

தைப்பொங்கலுக்குள்ள வேன்ல பிளக்ஸ் போர்டு கட்டியாச்சு. மொத வாரம் மொட்டத் தலை, ரெண்டாம் வாரம், நாலாம் வாரம்னு வரிசையா எம்புள்ள மூஞ்சி. கீழ ஸ்டூல்ல அவளே உக்காந்திருக்கா. "தொட்டுப் பாருங்க தாயி, என் சொந்த மக! போன சந்தையில எம்புட்டு இருந்துச்சு, இப்ப எம்புட்டு இருக்கு!"ன்னு மைக்கு அலறுது. அட கூறுகெட்ட சனங்களா, மழிச்ச தலையில முடி மொளைக்காம வேற என்ன மொளைக்கும்? ஒருத்திக்குத் தோணலையே! என் கூந்தலக் காட்டி வித்ததவிட மூணு பங்கு வித்துச்சு.

ஹேமாவதி டீச்சர் ஹால் டிக்கெட்டக் கையில எடுத்துக்கிட்டு வீடு தேடி வந்தாக. "நல்லாப் படிக்கிற புள்ளைங்க, கெடுத்துராதீக"ன்னு மன்றாடினாக.

"பரீட்சை வருசா வருசம் வரும் டீச்சர். இந்த ஒண்ணரை அங்குலம் திரும்ப வருமா?"ன்னு கேட்டாரு அந்த மனுசன்.

பரீட்சையன்னிக்குக் காலையில வேனுக்குக் குறுக்க விழுந்தேன். என்னையத் தூக்கி ஓரமாப் போட்டுட்டு, புள்ளைய ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. நானும் பின்னாடியே பஸ்ஸப் புடிச்சுச் சந்தைக்கு ஓடினேன். ஸ்டூலுக்கு முன்னால கூட்டம். ஒருத்தி எம்புள்ள தலையில ஸ்கேலு வச்சுப் பாத்துக்கிட்டிருந்தா. ரோட்டுல சீருடை போட்ட புள்ளைக அட்டையும் பேனாவுமாப் போச்சுக. கயல் அந்தப் பக்கம் திரும்பல.

கூட்டம் கொஞ்சம் கலையவும் பக்கத்துல போயி அவ கையப் புடிச்சேன். அவ என் காதுக்கிட்டக் குனிஞ்சா.

"ஏம்மா, முடி வளராம இருக்கிறதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்காம்மா?"

அவ என்னையக் குத்திக் காட்டல. நெசமாத்தேன் கேட்டா.