ஆறு நிமிட நடை

வடக்குத்து கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. பொற்கொடி ஆட்டோ பிடித்தாள். அன்றைக்கு அவள் செய்த முதல் மடத்தனம் அதுதான்.

அவள் புருஷன் குஞ்சிதபாதத்துக்கு நாற்பத்தேழு வயது. இருபது வருடமாக அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் ஆள். கரி போகிற பெல்ட்டு ஓரத்தில் சிந்துவதை வாரிப் போடும் வேலை. பெல்ட்டு உயரத்துக்கு ஏறினால் ஆளும் கூடவே இரும்புப் படியில் ஏறித்தானே ஆகவேண்டும்? ஆறு மாதமாக இருபது படிக்கு ஒருதரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கீழே பம்ப் அறையில் ஓர் இடம் காலியாக இருந்தது. 'படி ஏறக்கூடாது' என்று டாக்டர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அந்த இடம் இவனுக்கு என்று யூனியன்காரர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரியை வாங்கத்தான் வந்திருந்தார்கள்.

வருடா வருடம் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மெடிக்கல் உண்டு. தேறினால்தான் கேட் பாஸ். அதனால் மெடிக்கல் அன்று ஒருத்தரும் நடந்து போகமாட்டார்கள். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் ஃபேனுக்கு அடியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து, உதட்டைக் குவித்து மூச்சை மெதுவாக ஊதி ஊதி விடுவார்கள். அந்த வித்தையில் குஞ்சிதபாதத்தை மிஞ்ச ஆள் கிடையாது. இன்று தேறக்கூடாத நாள். இருந்தும் கால் பழகிய தடத்திலேயே போயிற்று. ஆட்டோ, ஃபேன், ஒரு மணி நேரம், ஆற அமர ஒரு டீ.

டாக்டர் ஸ்டெல்லா அவன் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். தொண்ணூற்றேழு.

"ரத்தத்துல ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு?"

பொற்கொடிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "குந்தவெச்சிப் பாத்தா எல்லாரும் நல்லாத்தாங்க இருப்பாங்க! படி ஏறச் சொல்லிப் பாருங்கம்மா. வூட்டுல ஒரு கொடம் தண்ணி தூக்குனா நாக்கு வெளிய வந்துடுது."

டாக்டர் அன்று காலை எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தார். முகம் மாறியது.

"நீங்க சொல்றது சரிதான்மா. சும்மா இருக்கும்போது ரத்தம் நுரையீரல்ல நிதானமாப் போகும். காத்தை எடுத்துக்க நேரம் இருக்கு. வேலை செஞ்சா இதயம் ரெண்டு மடங்கு, மூணு மடங்கு ரத்தத்தைத் தள்ளும். நல்ல நுரையீரல்னா அதுவரைக்கும் மூடிக் கெடந்த சின்னச் சின்ன ரத்தக் குழாயெல்லாம் தொறந்து எடம் குடுக்கும். இவருக்கு நுரையீரல் சுவரு தடிச்சிருக்கற மாதிரி தெரியுது. ரத்தம் ஓடுற வேகத்துக்குக் காத்து உள்ள வந்து சேராது."

குஞ்சிதபாதம் தலையை ஆட்டினான். "பெல்ட்டு மெதுவா ஓடுனா, பாதி அடைச்சிகினு இருக்கற வாய் வழியா விழற கரியே அத்த ரொப்பிடுங்க. ஸ்பீடு வெச்சா காலி பெல்ட்டுதான் ஓடும்."

"அதேதான். ஆறு நிமிஷம் வராண்டாவுல முடிஞ்ச மட்டும் வேகமா நடங்க. எண்பத்தஞ்சுக்குக் கீழ எறங்குச்சுன்னா நான் எழுதித் தரேன்."

பொற்கொடிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. புருஷன் தோற்கவேண்டும் என்று அந்தோணியாரையும் மாரியாத்தாளையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டாள்.

வராண்டாவின் ஒரு முனையில் நர்ஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவன் திரும்பி வரும்போதெல்லாம் கிளிப்பைப் பார்த்து எழுதுவாள். முதல் நடை போய் வந்தான். எண்பத்தெட்டு. இன்னும் இரண்டு நடை போதும்.

அப்போதுதான் மறுமுனை பெஞ்சில் நாலைந்து ஆட்களோடு சூப்பர்வைசர் ராஜேந்திரன் வந்து உட்கார்ந்தான். அவர்களுக்கு அன்று மெடிக்கல். போன வருடம் சடையப்பன் என்கிற ஆள் இந்த ராஜேந்திரன் முன்னால் மூச்சு வாங்கி நின்றான். மறுநாள் அவனுக்குக் கேட் பாஸ் இல்லை. அதைக் குஞ்சிதபாதம் மறந்திருப்பானா?

பொற்கொடி கண்ணெதிரே அந்தக் கூத்து நடந்தது. கூன் விழுந்து நடந்த மனிதன் நெஞ்சை நிமிர்த்தினான். நடை மெதுவாயிற்று, ஆனால் மிடுக்காக. மறுமுனைக்குப் போய் ராஜேந்திரனுக்கு வணக்கம் வைத்து, சுவரில் இருந்த காலண்டரைப் படிக்கிற சாக்கில் நின்று, உதட்டைக் குவித்து ஊதினான். இருபது வருட வித்தை! ஊதி ஊதி ரத்தத்தில் காற்றை நிரப்பிக்கொண்டுதான் திரும்பினான். தொண்ணூற்றிரண்டு. அடுத்த நடைக்குத் தொண்ணூற்று நாலு.

"யோவ், வேகமா நடய்யா!" பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவன் அவள் பக்கமே திரும்பவில்லை.

ஆறு நிமிடம் முடிந்ததும் டாக்டர் நர்ஸ் எழுதிய சீட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "மெதுவா நடந்தீங்களா?"

கதவு திறந்தே இருந்தது. வெளியே பெஞ்சில் ராஜேந்திரன்.

"இல்லிங்க. நல்லாத்தான் நடந்தேன்."

பொற்கொடி வாயைத் திறந்தாள். அவன் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். அவள் வாயை மூடிக்கொண்டாள். அது இரண்டாவது மடத்தனம்.

"இத வெச்சி நான் அப்பிடி எழுத முடியாதே. ஸ்கேனுக்கு எழுதறேன். அடுத்த மாசம் எடுத்துட்டு வாங்க." அடுத்த மாதம் வரை பம்ப் அறை இவனுக்காகக் காத்திருக்குமா என்ன?

வெளியே வந்ததும் ராஜேந்திரன் அவன் முதுகில் தட்டினான். "ராஜா மாதிரி நடந்துகினு வர! மத்தவனுங்கல்லாம் இருமிகினு கெடக்கறானுங்க. மேல பெல்ட்டு உச்சியில ஆளு இல்ல. நாளையிலேர்ந்து நீ அங்க போயிடு."

"சரிங்க" என்றான் குஞ்சிதபாதம்.

வீடு வரும்வரை பொற்கொடி அவனைத் திட்டித் தீர்த்தாள். "கெடுத்தியே குடிய! யாருகிட்டய்யா காட்டுன உன் வீராப்ப?" அவன் ஒரே ஒரு பதில்தான் சொன்னான். "அவன் பாத்துகினு இருந்தான்டி."

மறுநாள் காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. கட்டிலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டக் குனிந்தவனுக்கு மூச்சு அடைத்தது. நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான், முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. அந்தக் கோலத்தை நேற்று டாக்டரம்மா பார்த்திருக்கவேண்டும்.

"இன்னிக்கிப் போவாதய்யா."

"மொத நாளே உச்சிக்கி ஆளு வரலன்னா என்ன நெனைப்பான்?"

அவளால் தாங்க முடியவில்லை, அழுதாள். அழுதுகொண்டே தரையில் உட்கார்ந்து, அவன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, இரண்டு ஷூவுக்கும் லேஸை அவளே இறுக்கிக் கட்டி அனுப்பி வைத்தாள்.