ராயம்மாள் உட்காரும் பக்கம்

காஸ்பரின் பழைய லேண்ட்மாஸ்டர் கார் ராங்கி பிடித்த வண்டி. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வாடகைக்கு நிற்கும்போது ராஜா மாதிரி நிற்கும். வீட்டுக்குப் போகிற ஏற்றத்தில் மட்டும் அதற்கு வீம்பு வந்துவிடும். கோட்டை அகழித் தண்ணீர் கசிந்து அந்த ஏற்றத்தின் இடது ஓரம் வருஷம் முழுக்கச் சேறு. இடது பின்சக்கரம் அதில் இறங்கியதும் வெறுமனே சுற்றும். காய்ந்த தரையில் இருக்கிற வலது சக்கரமோ அசையாமல் வேடிக்கை பார்க்கும். இரண்டு பின்சக்கரத்துக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலின் குணம் அப்படி: எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதற்கே எஞ்சினின் பலத்தையெல்லாம் வாரிக் கொடுத்துவிடும்.

அதற்குக் காஸ்பர் வைத்திருந்த மருந்து, அவன் மனைவி ராயம்மாள்.

"ராயம்மா, வந்து குந்து!" என்று ஏற்றத்தின் அடியில் நின்று ஹாரன் அடிப்பான். அவள் கையில் கரண்டியோடு இறங்கி வந்து பின்சீட்டில் இடது பக்கம் உட்காருவாள். நல்ல வாட்டசாட்டமான பொம்பளை. அவள் பாரத்தில் சக்கரம் சேற்றை அழுத்தி மிதித்து ஏறிவிடும்.

"நான் இல்லாட்டி உன் காரு ரோட்லதான்யா கெடக்கும்" என்பாள். பெருமை என்றால் அப்படியொரு பெருமை!

எண்பத்து நாலாம் வருஷம் அவளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. பிழைத்துவிட்டாள், ஆனால் உடம்பு பாதியாகிப் போனது. இனி பயமில்லை, நன்றாகச் சாப்பிட்டால் போதும் என்றார் டாக்டர். அவளும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் சாயங்காலம் காஸ்பர் பழைய வழக்கத்தில் ஹாரன் அடித்துத் தொலைத்தான். வந்து உட்கார்ந்தாள். சக்கரம் சுற்றியது, சேறு தெறித்தது, வண்டி நகரவில்லை.

ராயம்மாள் இறங்கினாள். "அவ்ளோதான்யா. இனிமே நான் எதுக்கும் ஒதவ மாட்டேன்."

அன்றிலிருந்து இரண்டு வாய் சோறு, அப்புறம் தட்டைத் தள்ளிவிடுவாள். என்ன பொம்பளையோ! காமாலைக்கு அசராதவள் ஒரு சக்கரத்துக்கு உடைந்துபோனாள். இப்படியே போனால் தாங்காது என்று டாக்டர் காஸ்பரைத்தான் திட்டினார்.

சில ஜீப்புகளில் 'லிமிடெட் ஸ்லிப்' என்று ஒன்று உண்டு, ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதையும் இழுத்துக்கொண்டு ஓடும் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். மெட்ராஸுக்குப் போய்ப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள் முழுக்க அலசினான். "லேண்ட்மாஸ்டருக்கா?" என்று கடைக்காரர்கள் சிரித்தார்கள். வெறுங்கையோடு திரும்பி, லேத் பட்டறை நூருல்லாவிடம் வந்து நின்றான்.

"இத்தினி வருசம் ஓட்டன வண்டிக்கு இப்ப இன்னாபா திடீர்னு?" என்றார் நூருல்லா.

காஸ்பர் சொன்னான். நூருல்லா உடனே லேத்தைப் போட்டார். இரண்டு இரும்புத் தட்டு கடைந்தார். நடுவில் லாரி எஞ்சினின் முரட்டு ஸ்பிரிங்குகளை வைத்து, டிஃபரன்ஷியலுக்குள் இரண்டு பக்கத்துப் பல்சக்கரங்களுக்கும் இடையே இறுக்கிச் செருகினார். இனி ஒரு சக்கரம் மட்டும் தனியாக ஆட்டம் போட முடியாது.

"ராயம்மா, வந்து குந்து!"

"போயா, நான் குந்தி இன்னா ஆவப்போவுது?"

"குந்தேன்டி!"

உட்கார்ந்தாள். கார் உறுமிக்கொண்டு ஏறியது.

"பாத்தியா? ஒடம்பு தேறிடுச்சி உனுக்கு!"

அன்று ராத்திரி அவள் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள். காஸ்பர் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வளைவில் திரும்பும்போதெல்லாம் பின்னால் கடகடவென்று சத்தம் வந்தது. என்ன என்று கேட்டாள். பேரிங் என்று கூசாமல் புளுகினான்.

மெல்ல மெல்ல அவள் கன்னத்தில் சதை பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து திரும்பும்போது, கீரை வாங்க வேண்டும் என்று ஏற்றத்தின் அடியிலேயே இறங்கிக்கொண்டாள். காஸ்பர் ஏதோ ஞாபகத்தில் கியரைப் போட்டு விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டான். ஏறிய பிறகுதான் உறைத்தது. அட மடையா!

திரும்பிப் பார்த்தான். கீரைக்கட்டோடு கீழேயே நின்றுகொண்டிருந்தாள் ராயம்மாள். அவன் இறங்கி ஓடினான்.

"அப்ப நான் குந்தனதெல்லாம்?"

தட்டையும் ஸ்பிரிங்கையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

"நான் இல்லாமலே ஏறுதில்ல?"

"ஏறுது ராயம்மா. நீ இல்லாத வூட்டுக்கு ஏறிப்போயி நான் இன்னா பண்ணப்போறேன்?"

அவள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். மேலே நின்ற காரைப் பார்த்தாள்.

"வண்டியக் கீழ எறக்கு."

"எதுக்கு?"

"நான் ஏற வேணாமா?"

ரிவர்ஸில் இறக்கிக் கொண்டுவந்தான். பின்கதவைத் திறந்து, கீரையை மடியில் வைத்துக்கொண்டு, அதே இடது பக்கம் உட்கார்ந்தாள்.

"ம், இப்ப ஓட்டு."